அமரர் ஊர்தி ஓட்டுநரின் ஈடுபாடு

நகராட்சியின் அமரர் ஊர்தியை ஓட்டுகிறவருக்கு அந்த வேலைக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல ஒரு முகம். சந்தோஷம் வந்தாலும் சரி, பல்வலி வந்தாலும் சரி, அது ஒரே மாதிரி இருக்கும். கல்யாணப் போட்டோவில்கூட மாப்பிள்ளை யாரையோ அடக்கம் செய்துவிட்டு நேராக வந்து நிற்பது போலத்தான் நிற்கிறார். பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண்ணுக்கு வேலை போட்டோ ஸ்டுடியோவில். வருகிறவர்களைச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பதுதான் அவளுக்குச் சம்பளம். வீட்டுக்காரரை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் வேலையிடத்தில் அந்த முகத்துக்கு நல்ல மரியாதை. சாவு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கினால், அதுவரை வீட்டு வாடகை, மைலேஜ் என்று பேசிக்கொண்டிருந்த தூரத்து உறவுக்காரர்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். சொந்தப் பிள்ளைகளை விட டிரைவர்தான் அதிகமாக வருத்தப்படுகிறார் என்று சில வீடுகளில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. பேச வராது. யாராவது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் என்ன சொல்வது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். ஒருமுறை ஒருவர் “அப்பா நம்மை விட்டுப் போயிட்டாருங்க” என்று கதறியபோது, இவர் “ஆமாங்க” என்று சொல்லித் தொலைத்தார். அதை நினைத்து ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தபோது, ஷெட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ள, இவர் ஒருவர் மட்டும் மகிழ்ந்தார். மகிழ்ந்தது வெளியே தெரியவில்லை. நகராட்சி ஓட்டுநர்கள் அனைவரும் தொலைநிலைக் கல்வி நிறுவனத்தில் ‘கனிவான ஓட்டுநர்’ என்ற இணையவழிப் படிப்பைப் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காதவரிடமிருந்து வண்டி பறிக்கப்படும். அவர் ஷெட்டில் டயர் கழுவலாம். பாடத்திட்டத்தில் மூன்றாவது பாடத்தின் தலைப்பு: ‘துக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது’. அவர் அந்த வரியை மூன்று தடவை படித்தார்.

முதல் வகுப்பன்று குளித்து, தேய்த்த சட்டை போட்டு, போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவைத்து, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தண்ணீர் லாரிக்காரர், குப்பை லாரிக்காரர், தீயணைப்பு வண்டிக்காரர் எல்லாரும் தெரிந்தார்கள். நிறுவனத்தின் ஈடுபாட்டு இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார்.

“அந்தக் காலத்துல ஆசிரியர் பாடம் நடத்துவார், மாணவர் கேட்பார். எவ்வளவு பெரிய கொடுமை பாருங்க. புரிஞ்சுதா இல்லையான்னு தேர்வு வைக்கிற வரைக்கும் தெரியாது. தேர்வு வெச்சா புரியலைன்னு தெரிஞ்சுபோயிடும். இந்த ரெண்டு சங்கடமும் இல்லாம இருக்கத்தான் நாங்க ஈடுபாட்டுக் குறியீடு கொண்டுவந்திருக்கோம். உங்க முகத்தை மென்பொருள் பார்த்துக்கிட்டே இருக்கும். சிரிக்கிறீங்களா, தலையாட்டறீங்களா, கண்ணு விரிஞ்சிருக்கா. இருந்தா பச்சை. இல்லைன்னா சிவப்பு. பச்சையா இருந்தா நீங்க கத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம். எதைக் கத்துக்கிட்டீங்கன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க. அதெல்லாம் பழைய கேள்வி.”

இயக்குநர் சொல்வது ஒவ்வொன்றையும் அமரர் ஊர்திக்காரர் உயிரைக் கொடுத்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது, உதடு இறுகியது. அவர் கட்டத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு வந்தது. தேன் தடவிய பெண்குரல் ஒன்று, எல்லாரும் கேட்கும்படி, “மனம் இங்கே இல்லை” என்றது.

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அவரை மெதுவாக ஓட்டுகிறவர் என்று சொல்லியிருக்கிறார்கள், பேசத் தெரியாதவர் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மனம் இல்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்தார். “கற்பவர் உறங்குகிறார்” என்றது குரல்.

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. தொடங்கியது என்பது மரியாதைக்குச் சொல்வது. பாட ஆசிரியர் ஒல்லியான, நல்ல மனிதர். “கனிவு என்பது என்னவென்றால்” என்று ஆரம்பிப்பார். உடனே மணி அடிக்கும். ஈடுபாட்டுச் செயல்பாடு. எல்லாரும் இரண்டு கையையும் தூக்கி, இல்லாத பலூனை ஊத வேண்டும். ஊதி முடித்ததும் “கனிவு என்பது” என்பார். மறுபடி மணி. உங்கள் வண்டி ஒரு பூவாக இருந்தால் என்ன பூவாக இருக்கும் என்று எல்லாரும் சொல்ல வேண்டும். குப்பை லாரிக்காரர் கொஞ்சமும் கூசாமல் ரோஜா என்றார். அவருக்குப் பச்சை. அமரர் ஊர்திக்காரர் வெகுநேரம் நேர்மையாக யோசித்து, “எல்லாப் பூவுமே வண்டி மேலதாங்க இருக்கும்” என்றார். சிவப்பு.

அன்று மாலை ஆசிரியரே போன் செய்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க ஒருத்தர் முகத்தால வகுப்போட சராசரியே படுத்துடுச்சு. மாசம் பூரா இப்படியே போனா என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க.”

“நான் கவனமாத்தானே கேக்கறேங்க.”

“அதாங்க பிரச்சினை. கவனமா கேக்கறவங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கும். மென்பொருளுக்கு அது பிடிக்காது.”

“அது சரிங்க. மூணாவது பாடம் எப்ப வரும்?”

ஆசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் ரெண்டு வருஷமா இந்தப் படிப்பை நடத்தறேங்க. முதல் பாடத்துல ரெண்டாவது பத்தியை இன்னும் பார்த்ததில்லை.”

மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் களத்தில் இறங்கினாள். ஸ்டுடியோவில் குழந்தைகளுக்குக் காட்டும் கிலுகிலுப்பையைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே ஆட்டினாள். பழைய நகைச்சுவைத் துணுக்குகளைப் படித்துக் காட்டினாள். கடைசியில் அவர் கன்னத்தின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மேலே தள்ளி, “இப்படியே வெச்சுக்குங்க, விடாதீங்க” என்றாள். விட்டதும் கன்னம் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

“ஏங்க, ஒரு தடவைகூட உங்களுக்குச் சிரிப்பு வந்ததில்லையா?”

“வரும். உள்ளயே இருந்துட்டுப் போயிடும்.”

இந்த நிலையில்தான் இயக்குநருக்கு இன்னொரு யோசனை தோன்றியது. வகுப்பு நேரத்தில் மட்டும் ஈடுபாடு இருந்தால் போதுமா? ‘எங்கும் எப்போதும் ஈடுபாடு’ என்று ஒரு திட்டம் போட்டார். நாள் முழுவதும் போன் திறந்திருக்க வேண்டும். எந்த நேரத்திலும் மணி அடிக்கும். அடித்தால் பத்து எண்ணுவதற்குள் போனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தொடர்ந்து தவறினால் படிப்பிலிருந்தே நீக்கம். “தூக்கத்துலயும் கற்றல் நடக்கணும்ங்கறதுதான் என் கனவு. அதனால தூங்க விடாம பார்த்துக்குவோம்” என்று அவர் விளக்கக் காணொளியில் சொன்னார். தீயணைப்பு வண்டிக்காரர் ஏணி மேல் நின்றுகொண்டு சிரித்ததாகப் பேச்சு. தண்ணீர் லாரிக்காரர் சிரித்து முடிப்பதற்குள் தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் வெள்ளம்.

தன் முறை சாவு வீட்டு வாசலில்தான் வரும் என்று அமரர் ஊர்திக்காரருக்குத் தெரியும். அதே போல வந்தது.

பேக்கரி நடத்திவந்த ஒரு பெரியவர் இறந்திருந்தார். உடலைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் பெரிய மகன், மடியில் அப்பாவின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தில் பெரியவர் நல்ல விற்பனை நடந்த நாள் போல முகம் மலரச் சிரித்தார். அப்போது வண்டிக் கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த போனில் மணி அடித்தது. “திடீர் ஈடுபாடு. சிரியுங்கள்.”

வாசலில் அழுகை நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டயரும் வாளியும் அவர் கண்முன் வந்து போயின. வேறு வழியில்லை. மனைவி சொல்லித் தந்தபடி இரண்டு வரிசைப் பல்லையும் வெளியே காட்டி, கண்ணை உருட்டி, கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார்.

“என்னங்க பண்றீங்க?” என்றார் மகன்.

“மனம் இங்கே இல்லை” என்றது போன். பிறகு அதன் சிவப்புக் கட்டம் மெல்ல நகர்ந்து, பக்கத்தில் இருந்த படத்தின் மேல் போய்ப் பச்சையாக நின்றது. “மிக அருமை. ஈடுபாடு நூற்றுக்கு நூறு. கற்பவரைப் பாராட்டுகிறோம்.” படபடவென்று கைதட்டல் ஒலித்தது.

மகன் போனைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். “யாருக்குங்க நூறு? எங்க அப்பாவுக்கா?”

பொய் சொல்ல இவருக்கு வராது. “ஆமாங்க.”

அடி விழப்போகிறது என்று இவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஆனால் மகன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினார். “அப்பா அஞ்சாவது கூடத் தாண்டலைங்க. படிக்கணும் படிக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.” வழியெல்லாம் இவர் கையை விடவே இல்லை. ஒரு கையாலேயே கியரும் போட்டு, ஸ்டீயரிங்கும் திருப்பி வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவியின் முகம் மாறியது. “அப்ப அதுக்கு ஆள் வேண்டாம். போட்டோ போதும்.”

மறுநாள் ஸ்டுடியோவில் அவரை உட்காரவைத்து நாள் முழுக்கப் படம் எடுத்தாள். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் கணினியில் அவர் முகத்தைப் போட்டு, அதில் தன் தம்பியின் வாயை வெட்டி ஒட்டினாள். தம்பி எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், அந்த வாய்க்குக் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்த கோலத்திலேயே ஆள் அளவுக்குப் பெரிதாக்கி, கனமான அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டிக் கொண்டுவந்தாள். அவர் அதன் எதிரில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“உன் தம்பி வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பேசறது?”

“நீங்க எங்க பேசறீங்க. சிரிச்சா போதும்.”

சர்க்கரை டப்பாவுக்கு எதிரே அட்டையை நிறுத்தினார்கள். பச்சை. தலையாட்டுவதற்குத் தனி மதிப்பெண் இருந்ததால் அட்டைக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேனை வைத்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் அட்டை ஆசிரியர் சொல்வதை ஆமோதித்தது. நூற்றுக்கு நூறு. அமரர் ஊர்திக்காரர் அட்டைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இனிமேலாவது பாடம் நடக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து ஆசிரியர் போன் செய்தார். “சார், நீங்க கண்ணே சிமிட்டலையே.”

இவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“எந்த ஸ்டுடியோங்க?” என்றார் ஆசிரியர்.

அடுத்த வாரம் மனைவிக்கு மூச்சு விட நேரமில்லை. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தண்ணீர் லாரிக்காரருக்குச் சொந்தப் பல் இல்லாததால் அவருக்கும் தம்பியின் வாயே போயிற்று. ஆசிரியர் வாய் திறந்து பேசுவது போல ஒரு படமும், வாய் மூடியது போல ஒரு படமும் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நடந்த வகுப்புகள் மிகவும் அமைதியானவை. திரை முழுக்க அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்து, காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தன. அமரர் ஊர்திக்காரர் தினமும் அட்டைக்குப் பின்னால் காத்திருந்தார். காதில் விழுந்ததெல்லாம் ஃபேன் சத்தம்தான்.

நிறைவு விழாவில் இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இந்த வகுப்பைப் பாருங்க. ஒருத்தர் கண்ணை எடுக்கலை. ஒருத்தர் கேள்வி கேக்கலை. பாத்ரூமுக்குக் கூட யாரும் எழுந்து போகலை. மனுஷங்களை வெச்சுக்கிட்டு இப்படி ஒரு வகுப்பு நடத்த முடியும்னு நானே நம்பலை. பாடம் ஒண்ணும் நடக்கலைன்னு சில பேர் குறை சொல்றாங்க. நான் கேக்கறேன், பாடம் நடத்தியிருந்தா இந்த மதிப்பெண் வந்திருக்குமா? மாணவர்களே நம்ம நிறுவனத்துக்கு ஒரு தடைன்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வர்றேன். இன்னிக்கு அந்தத் தடையை நாம தாண்டிட்டோம்.”

அட்டைகள் தலையாட்டின. மென்பொருள் கைதட்டியது. ஆசிரியருக்குப் பதவி உயர்வு. அமரர் ஊர்திக்காரருக்குச் சிறந்த கற்பவர் என்று பொன் ஓரம் போட்ட சான்றிதழ், வகுப்பில் பதிவான சிரித்த முகப் படத்தோடு வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுபோய் ஷெட் மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் விதி தவறாதவர். சான்றிதழைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“இது நீங்க இல்லையே.”

“நான்தாங்க.”

“இவர் சிரிக்கிறார். எங்க, நீங்க சிரிச்சுக் காட்டுங்க.”

இவர் பாடுபட்டார். மேலாளர் பதறிப்போய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றறிக்கையைப் புரட்டினார். “சான்றிதழ் வாங்கினவர்தான் வண்டியில போகணும்னு இருக்கு. அவரை வரச் சொல்லுங்க. நீங்க டயர் பக்கம் போங்க.”

அமரர் ஊர்திக்காரருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கோபம் வந்தது. முகத்தில் அதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை அட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மேலாளரின் மேசைக்கு எதிரே நிறுத்தினார்.

மேலாளர் எழுந்து வந்தார். சான்றிதழைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் சரிபார்த்தார். “இவரேதான். வண்டி ஓட்டுவாரா?”

“ஈடுபாடு நூத்துக்கு நூறுங்க.”

“அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லை.” உட்கார்ந்து உத்தரவு எழுதினார். சான்றிதழ் பெற்ற ஓட்டுநர் முன் இருக்கையில் அமர்ந்து வருவார். ஸ்டீயரிங், பிரேக் முதலிய சில்லறை வேலைகளை உடன்வரும் உதவியாளர் கவனித்துக்கொள்வார். “துக்க வீட்ல ஆறுதலா நாலு வார்த்தை பேசறதெல்லாம் அவர் பார்த்துக்குவார். நீங்க குறுக்க பேசாதீங்க.”

வண்டி கையை விட்டுப் போகவில்லை, அதுவரை நிம்மதி. அன்று மத்தியானமே ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தது. அவர் அட்டையை முன் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் இறந்தவர் ஒரு தையல்காரர். உடலைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முன் கண்ணாடியைப் பார்த்ததும் தயங்கி நின்றார்கள். தையல்காரரின் மனைவி அழுதுகொண்டே வந்தவள், அட்டையின் எதிரில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு அதுவரை இருந்த துக்கத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

“ஐயோ, இவரும் போயிட்டாரா? உடம்பை உள்ள ஏற்கெனவே ஏத்தி வெச்சிருக்கீங்களா?”

இவர் வாயைத் திறந்தார். குறுக்கே பேசக்கூடாது என்ற உத்தரவு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

“எவ்வளவு சிரிச்ச முகம். சின்ன வயசாத்தான் தெரியுது.” அவள் கையில் இருந்த பூவில் பாதியை எடுத்துக் கதவு வழியாக அட்டையின் மடியில் வைத்தாள். மற்றவர்களும் ஆளுக்கு ஒரு பூ வைத்தார்கள். “நல்லா இருந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுங்க?”

அமரர் ஊர்திக்காரர் அட்டையைப் பார்த்தார். அதன் கண்கள் அவருடையவை. அவை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

“ஆன்லைன்ல ஒரு படிப்புல சேர்ந்தாருங்க.”

“அடப்பாவமே. முடிச்சாரா?”

“முடிச்சாருங்க. நூத்துக்கு நூறு.”

அந்தப் பெண் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட்டையின் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க கூடப் பிறந்தவர் மாதிரி இருக்கார். உள்ளயே வெச்சுக்காதீங்க தம்பி. வாய்விட்டு அழுதுடுங்க.”